அந்தக் காலத்து பவுலர்களுக்கு முதுகு வலிக்கவில்லையா?

வேகப்பந்து வீச்சாளர்களின் காயங்களைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் விளையாட்டு மருத்துவர் என்ற முறையில் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன். கடிதம் நீளமானது, முதலில் அதன் சுருக்கம்.

எழுதியவருக்கு 47 வயது. மகனுக்கு 16. வலது கை வேகப்பந்து வீச்சாளன். கடந்த ஒரு வருடத்தில் மளமளவென்று வளர்ந்திருக்கிறான். வீட்டில் மூன்று தலைமுறையும் கிரிக்கெட் பார்க்கிறவர்கள், மூன்று பேரும் மூன்று கட்சி. ஆஸ்திரேலியாவின் ஜெஃப் தாம்சன் போல இனி ஒருவன் பிறக்கப்போவதில்லை என்பது தாத்தாவின் கட்சி. அப்பாவுக்கு மால்கம் மார்ஷலும் வெஸ்ட் இண்டீஸ் படையும்தான் எல்லாம். மகன் பழைய வீடியோக்களைப் போட்டுக் காட்டி, "இதெல்லாம் மீடியம் பேஸ்ப்பா, இன்றைக்கு எந்த டீமை எடுத்தாலும் மணிக்கு 140 கிலோமீட்டரில் வீச இரண்டு பேர் இருக்கிறார்கள்" என்கிறான்.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பயிற்சியாளர் மகனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஓவர், வாரத்துக்கு இத்தனை நாள் என்று கணக்கு வைத்திருக்கிறார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "அந்தக் காலத்தில் காலையில் பந்தைக் கையில் எடுத்தால் சாயங்காலம்தான் கீழே வைப்பார்கள். ஜிம் கிடையாது, ஸ்கேன் கிடையாது. மார்ஷல் உடைந்த கட்டைவிரலோடு வீசினார். இவன் ஆறு ஓவரில் உட்காருகிறான்" என்று எழுதியிருக்கிறார். அதனால் பயிற்சி முடிந்த பிறகு மகனை வேறொரு நெட்ஸுக்குக் கூட்டிப்போய் தினமும் 12 முதல் 15 ஓவர் கூடுதலாக வீச வைத்திருக்கிறார். மூன்று வாரமாகப் பையனுக்கு இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கம் வலி. வீசினால் கூடுகிறது, இரண்டு நாள் ஓய்வெடுத்தால் குறைகிறது. முதலில் மறைத்திருக்கிறான். எக்ஸ்ரே எடுத்ததில் ஒன்றுமில்லை என்று வந்திருக்கிறது.

கேள்விகள் மூன்று. எந்தக் காலத்து வேகப்பந்து உண்மையிலேயே சிறந்தது? பழைய பவுலர்களுக்கு மட்டும் ஏன் காயம் வரவில்லை? மகனை எப்படிப் பழக்குவது?

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் காத்திருக்கும், இது காத்திருக்காது. இன்றிலிருந்து உங்கள் மகன் ஒரு பந்துகூட வீசக் கூடாது. மெதுவாகவும் வேண்டாம், பாதி ரன்-அப்பிலும் வேண்டாம்.

நீங்கள் எழுதிய விவரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வயது 16. சமீபத்தில் வேகமாக வளர்ந்த உடம்பு. வலது கை பவுலர், வலி இடது பக்கம். வீசினால் கூடி, ஓய்வில் குறைகிற வலி. திடீரென்று கூட்டப்பட்ட ஓவர்கள். இவை ஐந்தும் ஒன்றாக வந்தால், கீழ் முதுகெலும்பில் அழுத்த முறிவு, அதாவது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். இல்லை என்று ஸ்கேன் சொன்னால் எல்லோருக்கும் சந்தோஷம்.

வலி ஏன் எதிர்ப் பக்கம் வருகிறது என்று கேட்பீர்கள். வலது கை பவுலர் கடைசிக் காலடியில் இடது காலை நேராக ஊன்றுகிறார். உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்த ஒரு காலின் வழியே மேலேறுகிறது. அதே கணத்தில் முதுகு பின்னால் வளைந்து, இடப்பக்கமாகச் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. மூன்றும் சேர்ந்து நசுக்குவது கீழ் முதுகெலும்பின் இடப்பக்கத்தில் உள்ள ஒரு மெல்லிய எலும்புப் பாலத்தை. பெரியவர்களின் எலும்பு அதைத் தாங்கப் பழகியிருக்கும். முதுகெலும்பு முழுப் பலத்தை எட்டுவதற்கு இருபது வயது தாண்ட வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதை நம்பி இருக்காதீர்கள். ஆரம்பக் கட்டத்தில் எலும்புக்குள் வீக்கம்தான் இருக்கும், கோடு விழுந்திருக்காது. எக்ஸ்ரேக்கு அது தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அதுவும் "வேகப்பந்து வீசுகிற பையன், இடது பக்கம் வலி" என்று எழுதிக் கொடுத்து எடுக்க வேண்டும். பார்க்கிறவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தால்தான் கண்ணில் படும். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் எலும்பு தானாகக் கூடிவிட நல்ல வாய்ப்பு உண்டு. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீசினால் வீக்கம் விரிசலாகும், விரிசல் இரண்டு பக்கமும் பரவினால் முதுகெலும்பு முன்னோக்கி நழுவக்கூட வாய்ப்பிருக்கிறது.

சரி, இப்போது உங்கள் வீட்டு வழக்குக்கு வருகிறேன். இது வெறும் ரசிகர் சண்டை என்று நான் தள்ளவில்லை. உங்கள் மகன் தினம் எத்தனை ஓவர் வீச வேண்டும் என்பதை முடிவு செய்ததே இந்த ஒப்பீடுதான். அதனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும்.

அவர்களும் உடைந்தார்கள்

பழைய பவுலர்களுக்குக் காயமே வரவில்லை என்பது கடிதத்தின் அஸ்திவாரம். அது பிழை.

ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி 1973-ல் வெஸ்ட் இண்டீஸ் சுற்றுப்பயணத்தில் முதுகு உடைந்து திரும்பினார். முதுகெலும்பில் அழுத்த முறிவுகள். உங்கள் மகனுக்கு நான் சந்தேகப்படுகிற அதே வகைக் காயம். ஆறு வாரம் உடம்பைச் சுற்றிப் பிளாஸ்டர் போட்டிருந்தார். அதற்கு அப்புறம் தசைகளைத் திட்டம் போட்டு வலுவாக்கி, 1974-75-ல் இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடரில் வந்து 25 விக்கெட் எடுத்தார். அந்தக் காலத்து பவுலர் ஜிம் பக்கமே போகவில்லை என்கிறீர்கள். லில்லியை மீட்டது விஞ்ஞான முறையில் செய்த உடற்பயிற்சிதான்.

இம்ரான் கான் 1982-83-ல் இந்தியாவுக்கு எதிராக ஆறு டெஸ்ட்டில் 40 விக்கெட் எடுத்தார். அதோடு முழங்காலுக்குக் கீழே எலும்பில் முறிவு. 1983 உலகக் கோப்பையில் கேப்டனாகவும் பேட்ஸ்மேனாகவும் மட்டும் ஆடினார், பந்தைத் தொடவில்லை. வக்கார் யூனுஸ் முதுகு முறிவால் 1992 உலகக் கோப்பையைத் தவறவிட்டார். இங்கிலாந்தின் ஹரால்டு லார்வுட், பேட்ஸ்மேனின் உடம்பைக் குறிவைத்து வீசிய 1932-33 பாடிலைன் தொடரில் 33 விக்கெட் எடுத்து, கடைசி டெஸ்ட்டில் பாதம் உடைந்து நின்றார். அதற்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. அதில் அரசியலும் கலந்திருந்தது. இயன் பிஷப் முதுகுக் காயத்தால் பந்து வீசும் ஆக்‌ஷனையே மாற்ற வேண்டிவந்து, 43 டெஸ்ட்டோடு முடித்தார். ஷேன் பாண்ட் 22 என்ற சராசரியில், அதாவது ஒரு விக்கெட்டுக்கு 22 ரன் மட்டும் கொடுத்து, 87 விக்கெட் எடுத்தவர், ஆடியது 18 டெஸ்ட் மட்டும்.

இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். பெயரே தெரியாமல் 17 வயதில், 19 வயதில் முதுகைப் பிடித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நமக்கு நினைவிருப்பது தப்பித்து வந்தவர்களை மட்டும். கபில் தேவ் 131 டெஸ்ட் ஆடினார், காயத்தால் ஒன்றையும் தவறவிடவில்லை. கோர்ட்னி வால்ஷ் 132 டெஸ்ட், 519 விக்கெட். இருவரையும் நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். ஆனால் அவர்களை அளவுகோலாக வைத்து ஒரு 16 வயதுப் பையனைப் பழக்குவது, நூறு வயது வாழ்ந்தவர் தினமும் புகை பிடித்தார் என்பதற்காகப் பேரனுக்குச் சுருட்டை நீட்டுவது மாதிரி.

மார்ஷல் கதைக்கும் வருவோம். 1984 ஹெடிங்லி டெஸ்ட். இடது கட்டைவிரல் உடைந்து, கையில் கட்டோடு வந்து, ஒரு கையால் பேட் செய்துவிட்டு, அப்புறம் 53 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் மார்ஷல் வலது கை பவுலர். உடைந்தது பந்து வீசாத கை. வயது 26, எலும்பு முழுதாக முற்றிய உடம்பு. கட்டைவிரலில் வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம், அதனால் முறிவு பெரிதாகாது. முதுகெலும்பில் பல்லைக் கடித்துக்கொண்டு வீசினால் ஒவ்வொரு பந்தும் முறிவைப் பெரிதாக்கும். ஒரே துணிச்சல் ஓரிடத்தில் பொருந்துகிறது, இன்னோரிடத்தில் பொருந்தவில்லை.

இதில் உங்கள் பக்கத்தில் ஒரு உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து பவுலர்கள் நிறைய வீசினார்கள், அது அவர்களைத் தயார்படுத்தவும் செய்தது. ஃப்ரெட் ட்ரூமன் 603 முதல்தரப் போட்டிகளில் 2304 விக்கெட் எடுத்தவர். 1963 லார்ட்ஸ் டெஸ்ட்டின் கடைசி நாளில் வெஸ் ஹால் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஒரே முனையிலிருந்து வீசினார். அப்படி வீச முடிந்தது, அந்த உடம்புகள் வருடக்கணக்கில் அதே வேலையை, அதே தாளத்தில் செய்து வந்ததால். இன்றைய பவுலர் ஒரு மாதம் நான்கு நான்கு ஓவராக முழு வேகத்தில் வீசிவிட்டு, அடுத்த வாரமே டெஸ்ட்டில் ஒரு நாளைக்கு 20 ஓவர் வீச வேண்டியிருக்கிறது. உடம்பைப் பெரும்பாலும் முறிப்பது இந்தத் திடீர் ஏற்றம். குறைவாக வீசிப் பழகியவனும் ஆபத்தில்தான் இருக்கிறான். ஆனால் நீங்கள் செய்தது நிறைய வீச வைத்தது அல்ல. திடீரென்று இரண்டு மடங்காக்கியது.

வேகத்தை யார், எங்கே, எதை வைத்து அளந்தார்கள்?

தாத்தாவின் தாம்சன். 1975-ல் அதிவேகக் கேமராக்களை வைத்து அளந்தபோது அவர் 160 கிலோமீட்டரைத் தாண்டினார். 1970களின் கடைசியில் நடந்த ஒரு வேகப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது 147.9. வெஸ்ட் இண்டீஸின் மைக்கேல் ஹோல்டிங்குக்கு 141.3. இடையில் 1976 டிசம்பரில் அடிலெய்டில் ஒரு கேட்ச்சுக்காக ஓடும்போது சக வீரர் ஆலன் டர்னரோடு மோதித் தாம்சனுக்குத் தோள் போயிருந்தது. அந்தக் காயத்துக்கு முன்பும் பின்பும் பார்த்தவர்கள், அது வேறு தாம்சன் என்றுதான் சொல்வார்கள். ஆக 147.9-ஐ வைத்து அவரை அளப்பது சரியல்ல, 180 போனார் என்று தாத்தா சொல்வதற்கும் ஆதாரம் இல்லை.

இன்றைய ரேடார், பந்து கையை விட்ட உடனே அளக்கிறது. அப்புறம் காற்றின் தடையில் வேகம் குறைகிறது, பிட்ச்சில் பட்டதும் மேலும் கணிசமாகக் குறைகிறது. ஒரே பந்தைக் கையருகே அளந்தால் ஒரு எண், பேட்ஸ்மேன் அருகே அளந்தால் வேறு எண், வழிநெடுகச் சராசரி போட்டால் மூன்றாவது எண். 2003 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக ஷோயப் அக்தர் வீசிய 161.3 ரேடாரில் பதிவான எண். அதைப் பழைய கருவிகளின் எண்ணோடு பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழிப்பது, கிலோவையும் லிட்டரையும் கழிப்பது மாதிரி.

மகனுக்கும் ஒரு வார்த்தை. பழைய வீடியோ மெதுவாகத் தெரிவது பந்து மெதுவாகப் போனதால் மட்டும் அல்ல. கேமரா வெகு தூரத்தில் இருந்தது, படம் மங்கல், பந்து கண்ணில் படும் நேரமே குறைவு. அதில் பந்தைப் பார்க்காதே தம்பி. விக்கெட் கீப்பர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், பந்தை எந்த உயரத்தில் பிடிக்கிறார் என்று பார். ஸ்லிப்பில் நிற்பவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார். பேட்ஸ்மேனின் பின்னங்கால் எவ்வளவு சீக்கிரம் நகர்கிறது என்று பார். 20 மீட்டர் தள்ளி நின்ற கீப்பர் நெஞ்சு உயரத்தில் பந்தை வாங்கினால் அது மீடியம் பேஸ் கிடையாது.

ஆனால் மகன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. இன்று 140-ஐத் தொடுகிறவர்கள் முன்பைவிட அதிக நாடுகளில், அதிக அணிகளில் இருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். உச்சியில் நிற்கும் ஓரிருவரின் வேகம் பெரிதாக மாறவில்லை, இரண்டாவது வரிசைதான் வேகமாகியிருக்கிறது. ஸ்பீடு கன்னில் எண் ஏறுவது மட்டும் வேகப்பந்து வீச்சின் தரம் ஆகாது, அதையும் அவன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். க்ளென் மெக்ராத் 563 டெஸ்ட் விக்கெட்டில் பெரும்பாலானவற்றை 135-ஐ ஒட்டியே எடுத்தவர்.

சராசரியை அதன் காலத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்

வெறும் சராசரியை வைத்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிச் சொன்னால் எக்காலத்துக்கும் சிறந்தவர் ஜார்ஜ் லோமன். 18 டெஸ்ட், 112 விக்கெட், சராசரி 10.75. ஆனால் அவர் ஆடியது 1886 முதல் 1896 வரை. மிதமான வேகம். மழை பெய்தால் நனையும்படி திறந்து கிடந்த பிட்ச்கள். 1895-96-ல் அப்போதுதான் டெஸ்ட் ஆடத் தொடங்கியிருந்த தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மட்டும் மூன்று டெஸ்ட்டில் 35 விக்கெட். அவரை மார்ஷலுக்கு மேலே வைக்க யாருக்கும் மனம் வராது. அப்படியானால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதை நாம் எல்லோருமே ஒப்புக்கொண்டாயிற்று.

விதிகளும் மாறிக்கொண்டே வந்தன. 1960கள் வரை நோ-பாலைப் பின்னங்காலை வைத்துப் பார்த்தார்கள். காலை இழுத்துக்கொண்டே போகிற பவுலர், இன்றைய கோட்டைத் தாண்டி வந்து பந்தை விட முடிந்தது, பேட்ஸ்மேனுக்கு அத்தனை நேரம் குறைந்தது. டெஸ்ட்டில் ஹெல்மெட் வந்ததே 1978-ல், கிரஹாம் யாலப்போடு. அதுவரை பவுன்சர் என்றால் உயிர் பயம். 1991-ல் ஒரு பேட்ஸ்மேனுக்கு ஓவருக்கு ஒரு பவுன்சர் என்று கட்டுப்பாடு வந்தது, 1994-ல் ஓவருக்கு இரண்டு என்று தளர்ந்தது. ஒரு பக்கம் பயம் குறைந்தது, பேட் கனமானது, பவுண்டரி கிட்டே வந்தது. இன்னொரு பக்கம் பழைய பந்தை எதிர்த்திசையில் வளைக்கும் ரிவர்ஸ் ஸ்விங் பரவியது, நடுவர் முடிவை மறுபரிசீலனை செய்யும் டி.ஆர்.எஸ். வந்த பிறகு காலில் பட்ட பந்துகளுக்கு முன்பு கிடைக்காத அவுட் கிடைத்தது. யாருக்குச் சாதகம் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் நடுவில் நான் நம்புகிற அளவுகோல் ஒன்று உண்டு. அதே மேட்ச்சில், அதே பிட்ச்சில், மற்ற பவுலர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது.

1976 ஓவல் டெஸ்ட்டை எடுங்கள். வெயிலில் காய்ந்து உயிரே இல்லாத பிட்ச். வெஸ்ட் இண்டீஸ் 8 விக்கெட்டுக்கு 687 அடித்து டிக்ளேர் செய்தது, இங்கிலாந்தும் பதிலுக்கு 435 அடித்தது. அந்தத் தரையில் ஹோல்டிங் 149 ரன்னுக்கு 14 விக்கெட் எடுத்தார். பிட்ச்சில் இருந்து உதவியே இல்லை என்றதும் அவர் காற்றிலேயே, முழு லென்த்தில் (பேட்ஸ்மேனுக்கு அருகே விழும்படி), ஸ்டம்ப்பைக் குறி வைத்து வீசினார். அந்த ஸ்கோர் கார்டை இன்னொரு ஸ்கோர் கார்டோடு வைத்துப் பாருங்கள். 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் ஜஸ்ப்ரீத் பும்ரா 32 விக்கெட் எடுத்தார், சராசரி 13. அதே அணியில், அதே மைதானங்களில் அடுத்து அதிகம் எடுத்த சிராஜுக்கு 20 விக்கெட், சராசரி 30-க்கு மேல். 48 வருட இடைவெளி. இரண்டிலும் தெரிவது ஒன்றே: அந்தப் பிட்ச் எல்லோருக்கும் கொடுக்காததை இந்த ஒருவர் எடுத்தார்.

டேல் ஸ்டெயினையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 439 விக்கெட், சராசரி 22.95. சராசரி குறைவாக இருந்தால்தான் நல்லது என்பதால், கர்ட்லி ஆம்ப்ரோஸின் 20.99-ஐவிட மோசம் என்று தோன்றும். ஆனால் ஸ்டெயின் தலையெடுத்த 2000களில் டெஸ்ட்டில் ஒரு விக்கெட் விழ 34 ரன்னை ஒட்டித் தேவைப்பட்டது. பேட்ஸ்மேன்களின் பொற்காலத்தில் 42 பந்துக்கு ஒரு விக்கெட் எடுத்தவர் அவர். இப்படி யோசித்தால் நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லீக்கும் ஒரு படி ஏற்றிப் போட வேண்டும். மறு முனையில் மார்ஷலுக்கு இருந்த மாதிரித் துணை அவருக்கு இல்லை.

என் முடிவைக் கேட்டால், ஒரு கூட்டமாக 1970களின் கடைசியிலும் 80களிலும் வீசிய வெஸ்ட் இண்டீஸ் படைக்கு ஈடு வந்ததில்லை. ஒருவர் ஓய்ந்தால் அதே தரத்தில் இன்னொருவர் வருவார், பேட்ஸ்மேனுக்கு மூச்சுவிட இடமே கிடையாது. ஒருவரைத் தேர்ந்தெடு என்றால் நானும் உங்கள் கட்சிதான், மார்ஷல். அந்தக் கூட்டத்தில் உயரம் குறைந்தவர், ஆறடிக்குச் சற்றுக் குறைவு. 1988-ல் இங்கிலாந்தில் 35 விக்கெட் எடுத்தபோது வேகத்தை மட்டும் நம்பவில்லை. ஸ்விங், கட்டர், லென்த் என்று ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஆனால் பும்ராவை அந்த வரிசையில் உட்கார வைக்கத் தயங்க மாட்டேன். அவர் 200 விக்கெட்டை எட்டியபோது சராசரி 20-க்கும் கீழே. அதற்கு முன் 200 எடுத்த யாரும் அப்படி எட்டியதில்லை.

அதே பும்ரா 2023-ல் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தார். திரும்பி வந்து 2024-ல் மட்டும் 71 டெஸ்ட் விக்கெட் எடுத்தார்.

மகன் விஷயத்தில் உங்கள் முன்னால் உள்ள வழிகள்

ஒன்று, வலியோடு தொடர்வது. அதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டு, இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து, வலி போனதும் மறுபடி வீசச் சொல்வது. பெரும்பாலான குடும்பங்கள் செய்வது இதைத்தான், எனக்கு அதிகக் கவலை தருவதும் இதுதான். வலி போய்விடும், எலும்பு கூடியிருக்காது. நான்காவது வாரம் மறுபடி வரும், இந்த முறை விரிசலோடு.

மூன்று, ஸ்கேன் எடுத்து, அது சொல்கிறபடி நடப்பது. அழுத்த முறிவு உறுதியானால் மூன்று நான்கு மாதமாவது பந்து கிடையாது. அப்புறம் படிப்படியாக வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். முழு வேகத்தில் மேட்ச் ஆட ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். ஒரு சீசன் போகும், மறைத்துப் பேச விரும்பவில்லை. அந்த நேரத்தில் இடுப்பு, வயிறு, தொடைத் தசைகளைக் கட்டலாம். ஆக்‌ஷனையும் பக்கவாட்டில் இருந்து படமெடுத்துப் பார்க்க வேண்டும். இடுப்பு ஒரு திசையும் தோள் வேறு திசையும் பார்க்கிற கலப்பு ஆக்‌ஷனாக இருந்தால், முதுகில் விழும் முறுக்கு அதிகம். அதைத் திருத்த இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஒரு வருடம் போனால் எல்லாம் போச்சு என்று பயப்படுகிறீர்கள். பாட் கம்மின்ஸ் 2011 நவம்பரில், 18 வயதில், முதல் டெஸ்ட்டிலேயே 79 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் முதுகும் மற்ற காயங்களும். 2025 ஜூனில் லார்ட்ஸில் 300-வது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தபோது அவர் ஆஸ்திரேலியாவின் கேப்டன்.

பயிற்சியாளரின் கணக்கு கண்டுபிடித்த கதை அல்ல. இங்கிலாந்தில் 16, 17 வயதுக்காரர்களுக்கு ஒரு ஸ்பெல்லில் (இடைவிடாமல் வீசும் ஒரு தவணையில்) 7 ஓவர், ஒரு நாளைக்கு 18 ஓவர், அதைவிடச் சின்னவர்களுக்கு இன்னும் குறைவு என்று நெடுங்காலம் வரம்பு வைத்திருந்தார்கள். நெட்ஸில் வீசுவதும் இந்தக் கணக்கில் சேரும். நீங்கள் தனியாக வீச வைத்த 15 ஓவர் பயிற்சியாளருக்குத் தெரியாது, அதனால் அவர் போட்ட கணக்கே தப்பாகிவிட்டது. முதல் வேலையாக அவரிடம் போய் இதைச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

இன்னொன்று. மகன் வலியை மறைத்தான் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். என்னிடம் சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான், இவன் வயதுதான் இருக்கும். அப்பாவும் கூட வந்திருந்தார். இடது காலில் நின்று பின்னால் சாயச் சொன்னேன், இந்தக் காயத்துக்கு நாங்கள் வழக்கமாகச் செய்கிற சோதனை. சாய்ந்தான். உதடு இறுகியது, கை தானாக இடுப்புக்குப் போனது. "வலிக்குதா?" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அதற்கு அப்புறம்தான் "லேசாக" என்றான். ஸ்கேனில் இரண்டு பக்கமும் விரிசல்.

உங்கள் மகனுடைய உடம்பில் என்ன நடக்கிறது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். வலிக்கிறது என்று சொல்ல அவனுக்கு முழு உரிமை இருக்க வேண்டும், அதைச் சொன்னதும் அப்பாவின் முகம் மாறக் கூடாது. தாம்சன், மார்ஷல் சண்டையைத் தாராளமாகத் தொடருங்கள், மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்து பேச அதைவிட நல்ல விஷயம் இல்லை. அவன் எத்தனை ஓவர் வீச வேண்டும் என்பதை மட்டும் அந்தப் பேச்சுக்குள் கொண்டுவராதீர்கள்.

இந்த வாரமே எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு அறிக்கையோடு எழுதுங்கள். அதுவரை பந்தையே தொடக் கூடாது என்று பிடுங்கி வைக்க வேண்டாம், பையன் வாடிப்போவான். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இரண்டு விரலைத் தையலின் இருபுறமும் வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பந்தை ஓரடி உயரம் மேலே விட்டுப் பிடிக்கட்டும். தையல் தள்ளாடாமல் நிமிர்ந்து சுழல வேண்டும். ஜேம்ஸ் ஆண்டர்சன் 704 டெஸ்ட் விக்கெட் எடுத்ததில் அந்த மணிக்கட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பத்துக்குப் பத்து முறை நிமிர்ந்து நிற்கிறதா என்று எண்ணி, எனக்கு எழுதும்போது அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.